நமீபியா: தண்ணீர் போட்டுக் கொடுத்த பாதை

நமீபியாவில் நாமே கார் ஓட்டிக்கொண்டு சுற்ற முடியுமா என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டார்கள். தாராளமா முடியும். நம்மூர் மாதிரியே இடது பக்கம் ஓட்டுகிற நாடு. ஆட்சிமொழி ஆங்கிலம். நெரிசல் என்ற பேச்சே இல்லை. ஏறத்தாழ 8 லட்சத்து 24 ஆயிரம் சதுர கி.மீ. நிலம், 2023 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 30 லட்சம்தான். எதிரே ஒரு வண்டி வந்தால் ஓட்டுகிறவர் கையைத் தூக்கி ஒரு வணக்கம் போடுவார். அந்த அளவுக்கு ஆள் அபூர்வம்.

எந்த வழியா போகலாம் என்று தேடினால் எல்லாரும் ஒரே வட்டத்தைத்தான் சொல்கிறார்கள். தலைநகர் விண்ட்ஹூக்கில் கிளம்பி, தென்மேற்கே சோசஸ்ஃப்ளே மணல்மேடுகள், அங்கிருந்து கடற்கரையில் ஸ்வாகோப்முண்ட், வடக்கே கேப் கிராஸ், பிறகு உள்ளே திரும்பி டமாராலேண்ட் பாறைகள், எட்டோஷா வனவிலங்குப் பூங்கா, கடைசியில் வாட்டர்பெர்க் வழியாகத் திரும்ப விண்ட்ஹூக். நாங்களும் ஒரு ஆகஸ்ட் மாதத்தில் இதே வட்டத்தைத்தான் சுற்றினோம். நான், மனைவி, மைத்துனன், அவன் மனைவி என்று நாலு பேர். 12 நாள், 2,500 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கேயும் கிடைக்கும். ஏன் இந்த இடங்கள், ஏன் இந்த வரிசை என்பதற்குத்தான் விளக்கம் கிடைப்பதில்லை. போவதற்கு முன்னும் வந்த பின்னும் படித்ததையும், வழியில் பார்த்ததையும் சேர்த்து வைத்து யோசித்தபோது எனக்குப் பிடிபட்டது இதுதான்: இந்த வட்டம் முழுக்க ஒரே கேள்விக்குள் அடங்கிவிடும். தண்ணி எங்கே இருக்கு, அது யார் கையில இருக்கு? மணல்மேடும், மூடுபனியும், யானையும், இந்த நாட்டின் மிகக் கொடூரமான வரலாறும் இந்தக் கேள்விக்கான பதில்கள்தான். அதை இடம் இடமாக எழுதிப் பார்க்கிறேன்.

கடலே உண்டாக்கிய பாலைவனம்

ஆயிரம் கி.மீ.க்கு மேல் கடற்கரை உள்ள ஒரு நாடு எப்படி இவ்வளவு வறண்டு கிடக்கிறது? காரணம் அந்தக் கடல்தான்.

அட்லாண்டிக்கின் இந்தப் பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே பென்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. கரையோரக் காற்று மேல்பரப்புத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியில் இருக்கிற இன்னும் குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. மழை பெய்ய வேண்டுமென்றால் ஈரக்காற்று சூடாகி உயரே போக வேண்டும். இங்கே கடலைத் தொட்ட காற்று குளிர்ந்துபோய்க் கீழேயே படுத்துவிடுகிறது. அதற்கு மேலே வெப்பமான, உலர்ந்த காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஈரம் மேகமாக உயர்ந்து மழையாகக் கொட்டுவதில்லை. மூடுபனியாகத் தரையோடு தவழ்கிறது. கிழக்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து வருகிற கோடை மழையோ, கண்டம் முழுக்கக் கடந்து இங்கே வந்து சேர்வதற்குள் தீர்ந்துபோகிறது. ஸ்வாகோப்முண்டில் ஆண்டு மழை 20 மில்லிமீட்டர்கூட இல்லை. நாட்டின் வடகிழக்கு மூலையில் அது 600ஐ நெருங்குகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கு. நமீபியாவுக்குள்ளேயே பிறந்து ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வற்றாத ஆறுகள் எல்லாம் எல்லையில்தான் இருக்கின்றன: தெற்கே ஆரஞ்சு, வடக்கே குனேனே, ஒகவாங்கோ, ஜாம்பெசி. நாம் சுற்றுகிற வட்டத்தில் வரைபடம் 'ஆறு' என்று காட்டுவதெல்லாம் பெரும்பாலான நாட்களில் வெறும் மணல். பாலம் இல்லாமலே அதற்குள் இறங்கி ஏறிப் போகிற சாலைகள் நிறைய. மழைக்காலத்தில் தூரத்து மலையில் பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரளைச் சாலை

நாட்டில் ஏறத்தாழ 48,000 கி.மீ. சாலைகள் இருக்கின்றன. இதில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தார். சாலை எண்ணுக்கு முன்னால் இருக்கிற எழுத்து நமக்கு வழிகாட்டி. 'பி' என்றால் பெரும்பாலும் தார். 'சி' என்றால் தாரும் சரளையும் கலந்து. 'டி' என்றால் சரளை, சில இடத்தில் அதைவிட மோசம்.

சரளைச் சாலையில் தகரக் கூரை மாதிரி வரி வரியாகக் குறுக்கே மேடும் பள்ளமும் இருக்கும். வண்டி மொத்தமும் கடகடவென்று ஆடும். சாலைப் பராமரிப்பு சரியில்லை, அதான் இப்படி என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2007இல் ஃபிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் தபெர்லே, மோரிஸ், மெக்எல்வேன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வட்டமாகச் சுற்றுகிற ஒரு மணல் தளத்தின்மேல் சக்கரத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் சமமாகவே இருந்தது. அந்த வேகத்தைத் தாண்டியதும் வரிகள் தானாகவே உண்டாயின. சக்கரத்துக்குப் பதில் சாய்ந்த பலகை ஒன்றை வைத்தாலும் அதே கதை. அதாவது வண்டியின் ஸ்பிரிங்கோ டயரோ காரணமில்லை. உதிரியான தரையில் எதையாவது வேகமாக இழுத்தாலே வரி விழும். சாலைகளில் அந்த எல்லை வேகம் ரொம்பக் குறைவு என்பதால், சமன்செய்யும் வண்டி வந்து போன சில நாளிலேயே வரி திரும்ப வந்துவிடும்.

ஓட்டுகிறவருக்கு இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வேகத்தைக் கூட்டினால் சக்கரம் மேட்டுக்கு மேடு தாவிப் போகும், ஆட்டம் குறையும், சுகமா இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் டயர் பாதிக்குப் பாதி காற்றில்தான் இருக்கிறது. தரையைத் தொடாத டயருக்கு பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. அப்போது ஒரு வளைவோ, குறுக்கே ஒரு மானோ வந்தால் வண்டி பக்கவாட்டில் வழுக்கி உருண்டுவிடும். சுற்றுலாப் பயணிகள் சிக்குகிற விபத்துகளில் இந்த மாதிரி, வேறு வண்டியே சம்பந்தப்படாத விபத்துகள் அதிகம். சட்டப்படி சரளையில் 100 வரை போகலாம் என்றாலும் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 80 என்று கட்டுப்படுத்துகின்றன. நாங்கள் 70க்கு மேல் போகவில்லை. 300 கி.மீ. போக அஞ்சு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்தே நாளைத் திட்டமிட்டோம்.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். கூடு என்கிற பெரிய மான் சாலைக்கு வந்துவிடும், பல காப்பீடுகள் இரவு விபத்துக்குப் பணம் தராது. பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால், அரை டேங்க் இருந்தாலும் நிரப்புங்கள். இரண்டு ஸ்டெப்னி கேட்டு வாங்குங்கள். பகலிலும் முன்விளக்கு எரியட்டும், புழுதிக்குள் அதுதான் உங்களை அடையாளம் காட்டும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். நாலு பேருக்கு 20 லிட்டர். சோறு வடிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, அளந்து தண்ணீர் வைத்துப் பொங்கிச் சாப்பிட்டோம். கொண்டுபோன புளிக்காய்ச்சல் ஒன்பது நாள் தாங்கியது.

முதல் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற பெரியவர் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சரளைக்குப் போறீங்களா? காத்தைக் குறைச்சுக்கங்க. மணலுக்குன்னா இன்னும் குறைக்கணும். திரும்பத் தாருக்கு வந்ததும் ஏத்த மறந்துடாதீங்க" என்று ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார். காற்றுக் குறைந்தால் டயர் தட்டையாகி, தரையில் படுகிற பரப்பு கூடும், கூரான கல்லையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். எவ்வளவு குறைப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டி கொடுப்பவர்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு செத்த இடம்

செஸ்ரியம் என்ற இடத்தில் பூங்காவின் வாயில். அங்கிருந்து 60 கி.மீ. தார்ச் சாலை, கடைசி 5 கி.மீ. ஆழமான மணல். ஃபோர் வீல் டிரைவ் இல்லாதவர்கள் அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் பூங்காவின் வண்டியில் போகலாம். வாயில் சூரிய உதயத்தில்தான் திறக்கும். உள்ளே முகாமில் தங்கினால் அதற்கு முன்பே கிளம்பலாம். விடியற்கால வெளிச்சம் வேண்டுமென்பவர்கள் அந்த முகாமுக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

இருபுறமும் செக்கச்செவேல் என்று மணல்மேடுகள். இந்த மணல் இந்த ஊர் மணல் இல்லை. பெரும்பகுதி ஆரஞ்சு ஆறு கொண்டுவந்தது. அந்த ஆறு லெசோத்தோ மலைகளில் பிறந்து, கண்டத்தைக் கடந்து, தெற்கு எல்லையில் கடலில் கலக்கிறது. அலையும் நீரோட்டமும் அந்த மணலைக் கரையோரமாகவே வடக்கே தள்ளுகின்றன. தென்மேற்குக் காற்று அதைத் தூக்கி உள்நாட்டில் போடுகிறது. மணல் துகள்மேல் இருக்கிற இரும்பு ஆக்சைடு பூச்சுதான் சிவப்புக்குக் காரணம். கடற்கரையோரம் வெளிறிய மணல், உள்ளே போகப் போகச் சிவப்பு என்ற மாற்றத்தை ஒரே பயணத்தில் பார்க்கலாம். இந்த மணற்கடலை யுனெஸ்கோ 2013இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நாம் ஓட்டிப்போகிற அந்த நேரான பள்ளத்தாக்கு ட்சவ்சாப் என்ற ஆற்றின் பாதை. அந்த ஆறு ஒருகாலத்தில் கடல் நோக்கிப் போனது. மணல்மேடுகள் குறுக்கே வந்து வழியை அடைத்துவிட்டன. இன்றைக்கும் எப்போதாவது நல்ல மழை பெய்தால் தண்ணீர் சோசஸ்ஃப்ளே வரை வந்து, குளமாக நின்று, வற்றிப்போகும். பக்கத்திலேயே இருக்கிற டெட்ஃப்ளேக்கு அந்த வரவும் இல்லை. மணல் முழுவதுமாக மறித்து ஆற்றைத் திருப்பிவிட்டது. அங்கே வளர்ந்திருந்த ஒட்டக முள் மரங்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன் செத்தன, இன்னும் நிற்கின்றன. அவை கல்லாக மாறவில்லை. மரத்தை மக்கச் செய்கிற பூஞ்சைக்கும் தண்ணீர் வேண்டும், அதுவும் இங்கே இல்லை. வெயிலில் கருகி, வெள்ளைக் களிமண் தரையில் கறுப்பு மரங்கள். எல்லாரும் புகைப்படம் எடுக்கிற இடம் ஒரு ஆறு கைவிட்ட தோப்பு.

பனியைக் குடிக்கிறவர்கள்

செஸ்ரியத்திலிருந்து கடற்கரைக்கு ஏறத்தாழ 350 கி.மீ. வழியில் குய்செப் பள்ளத்தாக்கு வருகிறது. தெற்கே மணற்கடல், வடக்கே சரளைச் சமவெளி. நடுவில் கோடு போட்டதுபோல் இந்தக் காய்ந்த ஆறு. எப்போதாவது வருகிற வெள்ளம், வடக்கே நகர்ந்து வருகிற மணலைத் துடைத்துக்கொண்டு போவதால்தான் அந்தக் கோடு அழியாமல் இருக்கிறது.

இந்த ஆற்றங்கரையில் 1962இல் தொடங்கிய கோபாபெப் ஆய்வு நிலையம் இருக்கிறது. பாலைவன உயிர்கள் தண்ணீருக்கு என்ன செய்கின்றன என்பதைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் பெரும்பங்கு இங்கிருந்து வந்தது. 1976இல் ஹாமில்டன், சீலி இருவரும் நேச்சர் இதழில் ஒரு கறுப்பு வண்டைப் பற்றி எழுதினார்கள். மூடுபனி வரும் இரவுகளில் அது மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, காற்றைப் பார்த்துத் தலைகீழாக நிற்கும். முதுகில் பனி துளியாகச் சேர்ந்து, வழிந்து வாய்க்கு வரும். குடித்துவிட்டு இறங்கிப் போய்விடும். இதே பாலைவனத்தில் வெல்விட்சியா என்று ஒரு செடி. ஆயுள் முழுக்க இரண்டே இலை. அவை நுனியில் கிழிந்து சிதைந்துகொண்டும் அடியில் வளர்ந்துகொண்டும் இருக்கும். ஆயிரம் ஆண்டைத் தாண்டிய செடிகள் உண்டு. ஸ்வாகோப்முண்டிலிருந்து அரைநாளில் போய்ப் பார்க்கலாம்.

காலையில் ஸ்வாகோப்முண்டில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாது. பகல் 11 மணி வரை பனி. கடற்கரையோரம் உப்பும் ஜிப்சமும் கலந்து இறுக்கிய உப்புச் சாலைகள் உண்டு. காய்ந்திருந்தால் தார் போலவே இருக்கும், பனியில் நனைந்தால் சோப்புத் தண்ணீர் கொட்டின தரை மாதிரி வழுக்கும்.

அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 120 கி.மீ. போனால் கேப் கிராஸ். 1486இல் போர்த்துகீசிய மாலுமி தியோகோ காவ் இங்கே கல் சிலுவை நட்டதால் இந்தப் பெயர். இன்று அங்கே நிறைந்திருப்பது ஒரு லட்சத்துக்கும் மேல் கடல்நாய்கள். நாற்றம் வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே வரும். நிலத்தைக் காயவைத்த அதே குளிர்நீர்தான் இவற்றுக்குச் சோறு போடுகிறது. அடியிலிருந்து மேலே வருகிற தண்ணீர் சத்துகளைக் கொண்டுவர, மிதவை நுண்ணுயிர்கள் பெருக, மீன் பெருக, மீனைத் தின்னும் கடல்நாயும் பறவையும் பெருகுகின்றன. கடலில் இவ்வளவு உணவு. கரையில் ஒரு வாய் குடிநீர் இல்லை. இன்னும் வடக்கே இருக்கிற எலும்புக்கூட்டுக் கரையில் பனியும் அலையும் சேர்ந்து கப்பல்களை உடைத்தன. நீந்திக் கரையேறியவர்கள் பிழைத்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்கு எதிரே இருந்தது நாள் கணக்கில் நடந்தாலும் தண்ணீர் இல்லாத பாலை.

சந்தேக ஊற்று

உள்நாட்டுக்குத் திரும்பினால் டமாராலேண்ட். ட்வைஃபெல்ஃபொன்டேன் என்ற இடத்தில் சிவப்புப் பாறைகளில் 2,000க்கும் மேற்பட்ட செதுக்கல்கள் இருக்கின்றன: ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், சிங்கம். கடல்நாய் என்று கருதப்படும் ஓர் உருவமும் உண்டு. கடல் அங்கிருந்து பல நாள் நடை. இவ்வளவு பேர் இங்கே வந்து செதுக்கியதற்குக் காரணம் ஒரு சின்ன ஊற்று. 1940களில் இங்கே குடியேறிய வெள்ளை விவசாயிக்கு அந்த ஊற்றை நம்ப முடியவில்லை. அந்தப் பெயருக்கு ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'சந்தேக ஊற்று' என்று பொருள். 2007இல் இது நாட்டின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

இந்தப் பகுதியில் வேலி இல்லாமல் திரிகிற பாலைவன யானைகள் உண்டு. காய்ந்த ஆற்றுப்படுகைதான் அவற்றின் நெடுஞ்சாலை. மேலே மணல், அடியில் ஈரம். காலாலும் துதிக்கையாலும் தோண்டிக் குடிக்கும், விட்டுப்போன குழியில் மற்ற விலங்குகள் குடிக்கும். கரையில் அனா மரங்கள். இந்த மரம் மழைக்காலத்தில் இலை உதிர்த்து, வறண்ட காலத்தில் பச்சையாக நிற்கும். அதன் காய்கள் வறண்ட மாதங்களில் யானைக்குத் தீனி.

வழியெல்லாம் ஒரு காட்சி கண்ணில் படும். ஒரு சிற்றூர், நாலைந்து வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, அதைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தடிமனான கல் சுவர். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த டமாரா பெண்மணியிடம் கேட்டோம். "யானைக்குத் தாகம் எடுத்தா குழாயைப் பிடுங்கிடும். அது குடிக்கிறது பெரிசில்ல. உடைச்சுட்டுப் போனா எங்க ஆடு மாடு என்ன செய்யும்?" என்றார். நம்ம கண்ணுக்கு யானை. அவங்க கணக்கில் அது ஒரு தொட்டித் தண்ணி.

இதைச் சமாளிக்க நமீபியா எடுத்த வழி முக்கியமானது. 1996இல் சட்டத்தைத் திருத்தி, பொது நிலத்தில் வாழும் சமூகங்கள் தங்கள் பகுதி வனவிலங்குகளை நிர்வகித்து அதிலிருந்து வருமானம் பெறும் உரிமையைக் கொடுத்தார்கள். 1998இல் முதல் நான்கு சமூகக் காப்பகங்கள் பதிவாயின. இப்போது 86, நாட்டு நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. அவர்கள் நிலத்தில் இருக்கிற விடுதியில் தங்கினால் உங்கள் வாடகையில் ஒரு பகுதி, யானை உடைத்த குழாயைச் சரிசெய்யப் போகலாம். எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். 2024 வறட்சியில், 83 யானைகள் உட்பட 723 காட்டு விலங்குகளைச் சுட்டு மக்களுக்கு இறைச்சியாகக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. வெளிநாட்டில் பெரிய கண்டனம். தொட்டியைச் சுற்றிய அந்தச் சுவரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்டனத்தை அவ்வளவு சுலபமாகச் சொல்ல வராது.

விலங்கைத் தேடாதீர்கள், தண்ணீரைத் தேடுங்கள்

எட்டோஷா 22,000 சதுர கி.மீ.க்கு மேல் பரப்புள்ள பூங்கா. நடுவில் ஏறத்தாழ 4,800 சதுர கி.மீ. வெள்ளை உப்புத் தளம். நல்ல மழை ஆண்டில் வடக்கிலிருந்து வெள்ளம் வந்து அதில் ஆழமில்லாமல் தேங்கும்; உப்பு அதிகம், விலங்கு குடிக்க ஆகாது. குடிக்கிற தண்ணீர் எல்லாம் தளத்தின் தெற்கு விளிம்பில் கசிகிற ஊற்றுகளிலும், மனிதர்கள் போட்ட ஆழ்துளைக் கிணறுகளிலும்தான். ஜூன் முதல் அக்டோபர் வரை வேறெங்கும் சொட்டு இருக்காது. அதனால் எல்லா விலங்கும் அங்கேதான் வந்தாக வேண்டும்.

ஆகவே இங்கே நாள் முழுக்க வண்டி ஓட்டித் தேடுவது வீண். ஒரு நீர்நிலையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, இரண்டு மணி நேரம் உட்காருங்கள். வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. வரிக்குதிரை வரிசையாக வந்து தயங்கும், ஒன்று துணிந்து இறங்கினால் மற்றவை பின்னால் வரும். யானைக் கூட்டம் வந்தால் எல்லாரும் விலகி வழிவிடுவார்கள். ஒட்டகச்சிவிங்கி முன்னங்கால்களை அகட்டிக் குனிய ஐந்து நிமிடம் யோசிக்கும். குனிந்த அந்த நேரத்தில்தான் சிங்கம் பிடிக்கும் என்று அதற்குத் தெரியும். ஒக்கௌகுவேயோ முகாமில் இரவு முழுக்க விளக்கெரிகிற நீர்நிலை இருக்கிறது. அருகிவரும் கறுப்புக் காண்டாமிருகத்தை இவ்வளவு அருகில் பார்க்க உலகில் வேறு இடங்கள் குறைவு.

அந்த நீர்நிலைகளின் பெயர்கள் பல, அங்கே வாழ்ந்த ஹய்ஓம் மக்கள் வைத்தவை. வேட்டையாடியும் சேகரித்தும் அந்த ஊற்றுகளை ஒட்டியே வாழ்ந்தவர்கள் அவர்கள். 1907இல் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் பல பத்தாண்டுகள் உள்ளேதான் இருந்தார்கள். 1954இல் வெளியேற்றப்பட்டார்கள். விலங்குகளுக்கு விட்டுவைத்த தண்ணீர், அதற்குப் பெயர் வைத்தவர்களுக்கு இல்லாமல் போனது.

தண்ணீர் மலை

பலர் எட்டோஷாவோடு முடித்துக்கொண்டு நேராக விண்ட்ஹூக் போய்விடுவார்கள். வாட்டர்பெர்க்கில் ஒரு நாளாவது தங்குங்கள் என்பேன். ஆப்பிரிக்கான்ஸில் பெயருக்கே 'தண்ணீர் மலை' என்று பொருள். மேலே தட்டையான மணற்கல். மழைநீர் கல்லுக்குள் இறங்கி, அடிவாரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. அதனால் அங்கே மட்டும் பச்சை.

1904 ஜனவரியில் ஹெரேரோ மக்கள் ஜெர்மன் ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். அந்த ஆண்டு நடுவில் பல ஆயிரம் குடும்பங்கள் மாடுகளோடு இந்த மலையடியில் திரண்டிருந்தன. அத்தனை மாட்டுக்கும் தண்ணீர் இருந்த இடம் இது. ஆகஸ்ட் 11 அன்று ஜெனரல் லோத்தர் ஃபான் ட்ரோத்தாவின் படை தாக்கியது. தப்பியவர்களுக்குத் திறந்திருந்த ஒரே திசை கிழக்கு. அங்கே ஒமஹெக்கே என்ற நீரற்ற நிலம். படை நீர்நிலைகளைப் பிடித்துக்கொண்டு, மேற்கு விளிம்பில் காவல் போட்டுத் திரும்பும் வழியை அடைத்தது. அக்டோபர் 2 அன்று ட்ரோத்தா வெளியிட்ட உத்தரவு, எல்லைக்குள் காணப்படும் ஹெரேரோ எவரும் சுடப்படுவர் என்றது. தண்ணீர் தேடிக் கையால் தோண்டிய குழிகளைச் சுற்றி எலும்புகள் கிடந்ததை ஜெர்மன் ரோந்துக்காரர்களே பின்னர் பார்த்தார்கள்.

பிழைத்தவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். நாம் ஸ்வாகோப்முண்டில் ஜெர்மன் கேக் சாப்பிடுகிறோமே, அந்த ஊரிலும் ஒரு முகாம் இருந்தது. பெயர்க்கல் இல்லாத மண்மேடுகளாக அவர்களின் கல்லறைகள் ஊர் ஓரத்தில் இன்றும் இருக்கின்றன. 80,000 ஹெரேரோ மக்களில் 65,000 பேர் வரை, 20,000 நாமா மக்களில் 10,000 பேர் இறந்ததாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். 2021 மே மாதம் ஜெர்மனி இதை இனப்படுகொலை என்று ஏற்றது; 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. தங்களை வைத்துப் பேசாமல் எழுதிய ஒப்பந்தம் என்று ஹெரேரோ, நாமா அமைப்புகள் பல அதை ஏற்கவில்லை. 2025 முதல் மே 28 நமீபியாவில் இனப்படுகொலை நினைவு நாள்.

'யாருமே இல்லாத பரந்த வெளி' என்று விளம்பரங்கள் இந்த நாட்டைச் சொல்கின்றன. அந்த வெறுமையில் ஒரு பங்கு பென்குவேலா செய்தது. இன்னொரு பங்கு மனிதர்கள் செய்தது. இரண்டையும் தெரிந்துகொண்டு ஓட்டுவதுதான் அந்த நிலத்துக்குச் செய்கிற குறைந்தபட்ச மரியாதை.

கடைசிக் குழாய்

விண்ட்ஹூக்குக்கு அருகில் பெரிய ஆறும் இல்லை, கடலும் இல்லை. 1968இல் அந்த நகரம் உலகில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தது. வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்து நேராகக் குடிநீர்க் குழாயிலேயே விட்டது. 2002இல் வந்த புதிய கோரெங்காப் ஆலை நாளொன்றுக்கு 21,000 கன மீட்டர் வரை தரும். ஓசோன், கரி வடிகட்டி, நுண்சவ்வு என்று பல படிகள். நகரத்தின் குடிநீரில் கால் பங்கு வரை இதிலிருந்து வருகிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் குடிக்கிறார்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் மைத்துனன் கேட்டான்: "மாமா, நிஜமாவே இதைக் குடிக்கலாமா?" விடுதிக் குழாயில் பாட்டிலைப் பிடித்து, நான் முதலில் குடித்துவிட்டு அவனிடம் நீட்டினேன். நீங்கள் போனாலும் மினரல் வாட்டர் வாங்காமல் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் நாம் பார்த்த தண்ணீரிலேயே மனிதர்கள் யாரிடமிருந்தும் பறிக்காமல் உண்டாக்கியது அதுதான்.